உடற்சூட்டைப் பழகிக்கொண்ட பூஞ்சைகள்

2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்காக அலைந்துகொண்டிருந்த தமிழ்நாடு, அந்த அலை வடிவதற்குள் இன்னொரு பெயரைச் சொல்லி அலையத் தொடங்கியது: ஆம்போடெரிசின்-பி. "அண்ணே, ஆம்போ எங்கயாவது கிடைக்குமா? அப்பாவுக்குக் கண்ணை எடுக்கணும்னு சொல்றாங்க" என்று நள்ளிரவில் வந்த ஓர் அழைப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. கொரோனாவிலிருந்து பிழைத்து வீடு திரும்பியவர் அவர். சில நாளில் கன்னம் மரத்துப்போனது, மூக்கு அடைத்தது, மேல்வரிசைப் பற்கள் ஆடின. சளி என்று நினைத்து ஆவி பிடித்தார்கள். ஒரு காலையில் கண் வீங்கி வெளியே தள்ளி நின்றபோதுதான் மருத்துவமனைக்கு ஓடினார்கள்.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்த மருந்து நாளொன்றுக்கு ஆறு குப்பி வரை தேவைப்படும். அதுவும் வாரக்கணக்கில். மருந்துக்கடைகளில் ஒரு குப்பிகூட இல்லை. மே 20ஆம் தேதி தமிழ்நாடு அரசு இந்தப் பூஞ்சைத் தொற்றை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஜூலை மாதம் மத்திய அரசு மாநிலங்களவையில் சொன்ன கணக்கு: நாடு முழுக்க 45,374 பேருக்குத் தொற்று, 4,300க்கும் அதிகமான மரணங்கள். பிழைத்தவர்களில் கண்ணையும் மேல்தாடையையும் இழந்தவர்கள் ஏராளம்.

செய்திகள் அதைக் கறுப்புப் பூஞ்சை என்றன. உண்மையில் அந்தப் பூஞ்சை கறுப்பில்லை. அது இரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடுவதால் செத்துப்போகும் நம் சதைதான் கறுக்கிறது. பழைய ரொட்டியிலும் அழுகிய பழத்திலும் தோட்டத்து மண்ணிலும் எப்போதும் இருக்கும் மியூக்கர் வகைதான் அது. நாம் தினமும் அதன் வித்துகளைச் சுவாசித்து, ஒன்றும் ஆகாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அந்த மே மாதத்தில் மாறியது பூஞ்சை அல்ல, உடல்தான். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, உயிர் காக்கக் கொடுத்த ஸ்டீராய்டு, கொரோனா சிதைத்த எதிர்ப்புச் சக்தி ஆகிய மூன்றும் ஒரே உடலில் சேர்ந்தபோது கதவு திறந்துகொண்டது.

அந்தக் கதவு இப்போது சாத்தியிருக்கிறதா என்ற கேள்வியோடுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

நமக்கு நெருங்கிய உறவு

இட்லி மாவின் மேல் பூத்தது, ஊறுகாய் ஜாடியின் விளிம்பில் படர்ந்தது, மழைக்காலத்தில் தோல்செருப்பில் வெளுத்தது எல்லாவற்றையும் பூஞ்சணம் என்று சொல்லித் துடைத்துவிட்டுப் போகிறோம். செடி இனம் போல ஏதோ ஒன்று என்ற எண்ணம். உயிரியல் சொல்வது வேறு. பூஞ்சைகள் செடிகளைவிட விலங்குகளுக்கு, அதாவது நமக்கு, நெருங்கிய சொந்தம். அவற்றின் செல்லுக்குள்ளும் நம்முடையதைப் போலவே உட்கரு உண்டு. புரதம் செய்யும் முறையும் ஏறக்குறைய நம்முடையதுதான்.

மருந்து கண்டுபிடிப்பவர்களின் தலைவலி இந்த உறவில்தான் தொடங்குகிறது. பாக்டீரியா நமக்கு அந்நியன். நம்மிடம் இல்லாத உறுப்புகள் பல அதனிடம் உண்டு. அவற்றைக் குறிவைத்து நூற்றுக்கும் மேற்பட்ட மருந்துகளைச் செய்துவிட்டோம். பூஞ்சையைக் கொல்லும் பெரும்பாலான நஞ்சுகளோ நம்மையும் கொல்லும். மிச்சமிருக்கும் வேறுபாடுகள் சொற்பம். நம் செல்லின் மேலுறையில் கொலஸ்ட்ரால் இருக்கிறது, அதன் மேலுறையில் எர்கோஸ்டெரால் என்ற ஒன்று இருக்கிறது. நமக்கு செல்சுவர் இல்லை, அதற்கு உண்டு. ஏறத்தாழ இந்த இரண்டு இடுக்குகளை நம்பித்தான் மொத்த மருத்துவமும் நிற்கிறது.

ஆம்போடெரிசின் எர்கோஸ்டெராலைப் பிடித்துப் பூஞ்சையின் உறையைச் சிதைக்கிறது. வெனிசுலாவில் ஓரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து 1950களில் பிரித்தெடுத்த மருந்து அது. சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். ஏற்றும்போது நோயாளி குளிரில் வெடவெடவென்று நடுங்குவார். ஆம்போ ஓடும் வார்டுகளில் செவிலியர் கம்பளியோடு பக்கத்தில் நிற்பது வழக்கம். கொழுப்புத் துளிக்குள் அடைத்த புதிய வடிவத்தில் இந்தத் தொல்லைகள் குறைவு, விலை அதிகம். எழுபது ஆண்டு கழித்தும் கடைசி நம்பிக்கையாக நாம் தேடி அலைந்தது அந்த மருந்தைத்தான். அடுத்து ஃப்ளூகோனசோல் முதலான அசோல் குடும்பம். 2001இல் செல்சுவரைத் தாக்கும் எக்கினோகேண்டின் வகை வந்தது. ஃப்ளூசைட்டோசின் துணை மருந்தாக நிற்கிறது. இரத்தம் வரை இறங்கிய பூஞ்சைக்கு எதிரான ஆயுதக் கிடங்கு பெரும்பாலும் இவ்வளவுதான். கடந்த பத்தாண்டில் அமெரிக்கா, ஐரோப்பா, சீனா மூன்றிலும் சேர்த்து ஒப்புதல் பெற்ற புதிய பூஞ்சை மருந்துகள் நான்கே நான்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2025 ஏப்ரலில் சொன்னது. அப்போது மனிதர்களிடம் சோதனையில் இருந்தவை ஒன்பது.

டோக்கியோ மூதாட்டியின் காதில்

மருந்து இவ்வளவு குறைவாக இருந்தும் நாம் இத்தனை காலம் தப்பித்ததற்கு ஒரு காரணம் நம் உடம்பின் சூடு. பெரும்பாலான பூஞ்சைகளுக்கு 37 டிகிரி செல்சியஸ் தாங்காது. ஆர்ட்டுரோ காசடெவால் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் 2009இல் சக ஆய்வாளரோடு இதை அளந்து காட்டினார்: 30 டிகிரியிலிருந்து 40 வரை, சூடு ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் பூஞ்சை வகைகளில் இன்னும் 6 விழுக்காடு வளர முடியாமல் கழிந்துபோகின்றன.

இந்தச் சூடு இல்லாத உயிர்களின் கதி என்ன என்பதை உலகம் பார்த்துவிட்டது. தவளைகளின் தோலைத் தின்னும் ஒரு பூஞ்சையால் 501 நீர்நில வாழ்வன வகைகள் குறைந்துபோயின, அவற்றில் 90 வகைகள் அடியோடு அற்றுப்போயிருக்கலாம் என்று 2019இல் ஒரு கணக்கு வந்தது. வட அமெரிக்க வௌவால்கள் பாலூட்டிகள்தான். ஆனால் குளிர்கால உறக்கத்தில் அவற்றின் உடல் குகையின் குளிருக்கே இறங்கிவிடும். 2006இல் நியூயார்க் மாநிலக் குகை ஒன்றில் மூக்கின் மேல் வெள்ளைப் பூஞ்சை படிந்த வௌவால்கள் முதன்முதலாகக் கண்ணில் பட்டன. அடுத்த பத்தாண்டுக்குள் மூன்று வௌவால் இனங்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் மடிந்தன.

மனிதனின் வேலி சூடு என்றால், வெளியே இருக்கும் காற்றும் மண்ணும் கடலும் சூடாகிக்கொண்டே போகும்போது பூஞ்சைகள் அந்தச் சூட்டைப் பழகிக்கொள்ளாதா? காசடெவால் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த கேள்வி இது. கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சை அதற்கான முதல் விடையாக இருக்கலாம் என்று 2019இல் எழுதினார்.

ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. டோக்கியோ மருத்துவமனை ஒன்றில் 70 வயது மூதாட்டியின் காதிலிருந்து எடுத்த பஞ்சுக்குச்சியில் கிடைத்ததால் 2009இல் அந்தப் பெயர் வைத்தார்கள். சில ஆண்டுகளுக்குள் இந்தியா, பாகிஸ்தான், தென்னாப்பிரிக்கா, வெனிசுலா என்று அடுத்தடுத்துத் தலைகாட்டியது. ஓரிடத்திலிருந்து விமானம் ஏறிப் பரவியது என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். மரபணுவைப் படித்தபோது திகைப்புதான் மிஞ்சியது. கண்டத்துக்குக் கண்டம் அது வெவ்வேறு கிளை. கிளைகளுக்கிடையே பல்லாயிரக்கணக்கான எழுத்து வேறுபாடுகள். ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒன்றோடொன்று தொடர்பில்லாமல், பல இடங்களில் மனிதனுக்குள் நுழையக் கற்றிருக்கிறது. எல்லா இடத்துக்கும் பொதுவாக என்ன மாறியது என்று கேட்டால், பூமியின் சூடு என்ற பதில்தான் முதலில் வந்து நிற்கிறது. இது இன்னும் கருதுகோள்தான். ஆனால் அலட்சியப்படுத்தக்கூடிய கருதுகோள் அல்ல.

டெல்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் அனுராதா சௌத்ரி, டெல்லி மருத்துவமனைகளில் பரவிய ஆரிஸ் கிளையை 2013இல் விவரித்தவர். அவருடைய குழுதான் 2021இல் இன்னொன்றையும் காட்டியது. அந்தமானில் எட்டு இடங்களில் மண்ணும் நீரும் எடுத்துச் சோதித்ததில் மனித நடமாட்டம் இல்லாத ஓர் உப்புச் சதுப்பிலும் ஒரு மணல் கடற்கரையிலும் ஆரிஸ் இருந்தது. இயற்கையில் அதை யாரும் கண்டது அதுவே முதல்முறை. சதுப்பில் கிடைத்த ஒரு மாதிரி மருந்துக்குக் கட்டுப்பட்டது, கூடிய சூட்டில் மெதுவாக வளர்ந்தது. மருத்துவமனைக்குள் வருவதற்கு முந்தைய ஆரிஸ் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அதைவிட நெருக்கமான சான்று நம்மிடம் இல்லை.

உள்ளே வந்த ஆரிஸ் அப்படிச் சாதுவாக இல்லை. அமெரிக்காவில் எடுத்த மாதிரிகளில் சுமார் 90 விழுக்காடு ஃப்ளூகோனசோலுக்கு மசிவதில்லை, 30 விழுக்காடு ஆம்போடெரிசினுக்கும் மசிவதில்லை. அது தோலில் ஒட்டிக்கொள்ளும், கட்டில் கம்பியிலும் திரைச்சீலையிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும், வழக்கமாகத் தரை துடைக்கும் மருந்துகள் சிலவற்றுக்கு அசைந்துகொடுக்காது. ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனையின் நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவில் 2015இலிருந்து ஒருவர் பின் ஒருவராக 70 பேர் மேல் ஆரிஸ் ஏறியது. எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. கடைசியில் அகப்பட்டது, நோயாளிகளின் அக்குளில் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்திய வெப்பமானி முனைகள். அவற்றை எடுத்த பிறகே பரவல் அடங்கியது. நம் உடலின் சூடு என்ற வேலியைத் தாண்டிய பூஞ்சை, அந்தச் சூட்டை அளக்கும் கருவியிலேயே ஊர்ந்து போயிருக்கிறது.

இந்தியாவில் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளை ஆராய்ந்தபோது 19 இடங்களில் ஆரிஸ் இரத்தத்தில் புகுந்த நோயாளிகள் இருந்தார்கள். அமெரிக்காவில் 2022இல் 2,377 பேர், 2023இல் 4,514 பேர். இரத்தத்தில் கலந்துவிட்டால் பத்துப் பேரில் மூன்று முதல் ஆறு பேர் வரை இறக்கிறார்கள். அவர்கள் ஏற்கெனவே கடும் நோயாளிகள் என்பதால் எந்த மரணம் பூஞ்சையால் என்று பிரிப்பது எளிதல்ல. இறப்புச் சான்றிதழிலும் பெரும்பாலும் பூஞ்சையின் பெயர் ஏறுவதில்லை.

வயலில் அடித்தது வார்டுக்கு வருகிறது

நெல்லில் இலையுறைக் கருகல் கண்டால் ஹெக்சகோனசோல், கதிரில் நெற்பழம் தென்பட்டால் புரோபிகோனசோல். தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் உரக்கடையில் நின்றாலே காதில் விழும் பெயர்கள் இவை. இந்தப் பெயர்களின் கடைசியில் வரும் 'அசோல்' தற்செயல் அல்ல. மருத்துவமனையில் நுரையீரல் பூஞ்சைக்குக் கொடுக்கும் வோரிகோனசோலும் இட்ரகோனசோலும் அதே குடும்பம். தாக்கும் இடமும் ஒன்றே.

ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சை மக்கும் குப்பையில் வாழ்வது. எருக்குழி, வைக்கோல், இலைச் சருகு எங்கும் உண்டு. அதற்கு நாம் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் பயிருக்குத் தெளித்த அசோல் அந்தக் குப்பையிலும் இறங்குகிறது. அங்கே மருந்தைத் தாக்குப்பிடிக்கக் கற்ற வித்துகள் காற்றில் ஏறி, எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவரின் நுரையீரலில் போய் இறங்குகின்றன. நெதர்லாந்து மருத்துவர்கள்தான் இதை முதலில் கண்டுகொண்டவர்கள். அதுவரை அசோல் மாத்திரை ஒன்றுகூடச் சாப்பிடாதவர்களின் உடம்பில் அசோலுக்கு அடங்காத பூஞ்சை இருந்தது. துலிப் கிழங்குகளை அசோல் கரைசலில் முக்கி எடுக்கும் நாடு அது. அதே மரபணு மாற்றம் கொண்ட பூஞ்சையை இந்தியாவில் நோயாளிகளிடமும் நெல்வயல், தேயிலைத் தோட்ட மண்ணிலும் 2012இல் கண்டார்கள். ஐரோப்பாவில் 2010 முதல் 2021 வரை விற்ற அசோல் சுமார் 1,20,000 டன், அதில் 99 விழுக்காடு பயிருக்குப் போனது என்கிறது ஐரோப்பிய அமைப்புகளின் கூட்டறிக்கை.

விவசாயியை இதில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதிர் கருகினால் அவர் வீட்டில் அடுப்பெரியாது. என் கோபம் வேறிடத்தில். ஓலோரோஃபிம் என்ற முற்றிலும் புதிய வகை மருந்து, வேறெதற்கும் அடங்காத ஆஸ்பெர்ஜில்லஸ் நோயாளிகளுக்காக ஆண்டுக்கணக்கில் சோதனையில் இருக்கிறது. அது சந்தைக்கு வருவதற்கு முன்பே, அதே இடத்தைத் தாக்கும் இப்ஃப்ளூஃபெனோகுயின் என்ற பயிர் மருந்துக்கு 2022இல் அமெரிக்கா அனுமதி கொடுத்துவிட்டது. ஒன்றைத் தாக்குப்பிடிக்கும் பூஞ்சை மற்றதையும் தாக்குப்பிடிக்கிறது என்று ஆய்வகங்கள் காட்டிவிட்டன. மனிதனுக்கான மருந்தையும் பயிருக்கான மருந்தையும் அனுமதிக்கும் அதிகாரிகள் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவது அரிது. இந்தியாவிலும் அவை வேறு வேறு அமைச்சகங்கள்.

இங்கே இது இன்னும் கூர்மையாக வலிக்கும். காசநோய் குணமானவர்களின் நுரையீரலில் நோய் விட்டுப்போன பள்ளங்கள் இருக்கும். அந்தப் பள்ளத்தில் ஆஸ்பெர்ஜில்லஸ் குடியேறுகிறது. மறுபடி இருமல், மறுபடி சளியில் இரத்தம். 'டிபி திரும்ப வந்துடுச்சு' என்று மறுபடியும் காசநோய் மாத்திரை தொடங்குகிறார்கள். இருப்பது பூஞ்சை என்று ஓர் இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். அந்தப் பரிசோதனை வசதி மாவட்டத் தலைநகரங்களில்கூட எளிதில் கிடைப்பதில்லை.

மூன்று மருந்து கலந்த க்ரீம்

படர்தாமரை என்றால் சிரித்துவிட்டுப் போகிற நோயாகத்தான் இருந்தது. தொடையிடுக்கில் வட்டமாகச் சிவந்து அரிக்கும், மருந்துக்கடையில் ஒரு ட்யூப் வாங்கித் தடவினால் இரண்டு வாரத்தில் போகும். இன்று தோல் மருத்துவர்களின் வெளிநோயாளிகள் வரிசையில் மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டும் ஆறாத படர்தாமரையோடு குடும்பம் குடும்பமாக நிற்கிறார்கள். டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்று 2020இல் பெயரிட்ட பூஞ்சை அது. பெயரிலேயே இந்தியா இருக்கிறது. ஜப்பானில் சிகிச்சை பெற்ற ஓர் இந்தியரிடமும் ஒரு நேபாளியிடமும் எடுத்த மாதிரிகளிலிருந்து அடையாளம் கண்டார்கள். வழக்கமாகக் கேட்கும் டெர்பினாஃபின் மாத்திரை இதில் பலரிடம் கேட்பதில்லை. 2023இல் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் கண்டறிந்தார்கள். அவர்களில் ஒருவர் அண்மையில் எந்த வெளிநாட்டுக்கும் போகாதவர்.

நம் மருந்துக்கடைகளில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் பூஞ்சை மருந்தும் கலந்த க்ரீம்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்று தோல் மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் கத்திக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டீராய்டு அரிப்பை ஒரே நாளில் அடக்கிவிடும். சிவப்பும் வடிந்துவிடும். குணமாகிவிட்டது என்று நினைத்து நிறுத்துவோம். உள்ளே தோலின் எதிர்ப்பு அடங்கியிருப்பதால் பூஞ்சை நிம்மதியாகப் படரும், அரைகுறை மருந்தில் பழகும். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. எந்தத் தெருமுனைக் கடையிலும் போய்க் கேட்டுப் பாருங்கள்.

உயிரைக் கொல்லும் நோயல்ல இது. ஆனால் மூன்றாண்டாக இரவில் தூங்காமல் சொறியும் ஒரு பெண், கணவரிடமும் சொல்லக் கூசி மருந்துக்கடைப் பையனிடம் சைகையில் கேட்டு வாங்கும் அவமானத்தை எந்தப் புள்ளிவிவரத்திலும் சேர்க்க முடியாது.

எப்படி வரும் அந்த நெருக்கடி?

பூஞ்சை நோய் ஆய்வாளர் டேவிட் டென்னிங் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி உலகில் ஆண்டுக்குச் சுமார் 65 லட்சம் பேருக்கு உடலுக்குள் ஊடுருவும் பூஞ்சைத் தொற்று வருகிறது. அத்தொற்றோடு இறப்பவர்கள் 38 லட்சம், அவர்களில் 25 லட்சம் பேரின் சாவுக்கு நேர்க்காரணமே பூஞ்சை. உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில்தான் முதன்முதலாக ஆபத்தான 19 பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டது. முதல் வரிசையில் நான்கு: எய்ட்ஸ் நோயாளிகளின் மூளையுறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ், ஆஸ்பெர்ஜில்லஸ், கேண்டிடா ஆரிஸ், அதன் பழைய பங்காளி கேண்டிடா அல்பிகன்ஸ்.

கொரோனா மாதிரி ஊரடங்கு வருமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பாலான பூஞ்சைகள் ஒருவர் இருமி இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. வரப்போவது வேறு வடிவில் இருக்கும், இப்போதே வந்தும் கொண்டிருக்கிறது. ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தையை இன்குபேட்டரில் காப்பாற்றுகிறோம், புற்றுநோய்க்குக் கீமோ கொடுக்கிறோம், சிறுநீரகம் மாற்றுகிறோம், மூட்டுவாதத்துக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஊசி போடுகிறோம். நாற்பதாண்டில் மருத்துவம் அடைந்த பெரிய வெற்றிகள் இவை. ஒவ்வொன்றும் ஓர் உடலைச் சில வாரங்களுக்குப் பூஞ்சைக்குத் திறந்து வைக்கிறது. அந்த வாரங்களைத் தாண்டிவிடலாம் என்ற துணிவைக் கொடுப்பது கையில் இருக்கும் மூன்று நான்கு மருந்துகள். அவை பலிக்காத நாளில் அறுவை நன்றாக முடிந்தும் நோயாளியை இழப்போம்.

முதலில் செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. தோல் சுரண்டலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழை தெரியும். அதைப் பார்க்கத் தெரிந்த ஒரு டெக்னீஷியன் ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் வேண்டும். மதுரைப் பக்கத்திலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. கதிர் அறுக்கும்போது தாள் நுனி கண்ணில் பட்டு, அந்தச் சிராய்ப்பில் பூஞ்சை இறங்கிக் கருவிழி புண்ணாவது தென்மாவட்ட விவசாயிகளுக்குப் பழைய சாபம். சுமார் 48,000 மக்கள் வாழும் மதுரை மாவட்டக் கிராமங்களில் 15 கிராமப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. கண்ணில் அடிபட்டவர் வந்தால் சிராய்ப்பு இருக்கிறதா என்று பார்த்து, மூன்று நாளைக்குக் களிம்பு போட வேண்டும். அவ்வளவுதான். 2006இல் முடிவை வெளியிட்டார்கள்: சிராய்ப்போடு வந்த 374 பேரில் 368 பேருக்கு எந்தச் சிக்கலும் இல்லாமல் ஆறியது.

மதுரைக்கும் பூஞ்சைக்கும் இன்னும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1842இல் ஜான் கில் என்ற மருத்துவர் மதுரையில் கண்ட ஒரு நோயைப் பதிவு செய்தார். வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதத்தில் முள் குத்திய இடம் ஆண்டுக்கணக்கில் வீங்கி, பல துளைகளாக வெடித்து, குருணை குருணையாகச் சீழ் வடியும். உலக மருத்துவம் அதற்கு 'மதுரா கால்' என்று பெயர் வைத்தது. 1860இல் மும்பையில் இருந்த ஹென்றி வாண்டைக் கார்ட்டர், புகழ்பெற்ற கிரே உடற்கூறு நூலுக்குப் படம் வரைந்தவர், இதற்குப் பூஞ்சை காரணம் என்று சொல்லி மைசெட்டோமா என்று அழைத்தார். பாக்டீரியாவும் இதே நோயை உண்டாக்கும் என்பது பின்னர் தெரியவந்தது. பூஞ்சை வகையில் மருந்து சரியாகக் கேட்காமல் காலை வெட்டி எடுப்பது இன்றும் நடக்கிறது. அந்தப் பூஞ்சைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் மதுரெல்லா.

மதுரெல்லா இன்று அதிகமாக வாட்டுவது சூடானை. தலைநகர் கார்ட்டூமில் அகமது ஹசன் ஃபஹால் 1991இல் தொடங்கிய மைசெட்டோமா ஆராய்ச்சி மையம்தான் இந்த நோய்க்கு உலகிலேயே பெரிய மருத்துவமனையாக இருந்தது. ஏழைகளுக்கு இலவசச் சிகிச்சை. இந்த நோய்க்கான புதிய மாத்திரை ஒன்றை முறையாகச் சோதித்துப் பார்த்ததும் அங்கேதான். 2023இல் மூண்ட உள்நாட்டுப் போரில் அந்த மையம் சிதைந்துபோனது. பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த நோயாளிகளின் மாதிரிகளும் தரவுகளும் போயின. அங்கே சிகிச்சையில் இருந்தவர்கள் பாதி ஆறிய காலோடு வெவ்வேறு எல்லைகளை நோக்கி நடந்துபோனார்கள்.